எங்கள் பென்ஸ் லாரியின் சேஸை எடைக்குப் போட மாட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வண்டிகளை உடைக்கப் போடுவது பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. புகை கக்கும் வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவன் நான், அந்தப் புகையைத் தின்றவன். ஆனால் உழைத்து ஓய்ந்த ஒரு வண்டியை, ஊருக்கு ஞாபகமாக இருக்கட்டும் என்று ஒருவன் சொந்தக் காசில் காப்பாற்ற நினைத்தால் அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் அல்லவா? கார் வைத்திருப்பவருக்கு அந்த வழி இருக்கிறது. லாரி வைத்திருப்பவருக்கு இல்லை. ஐந்து மாதமாக இதில்தான் முட்டிக்கொண்டிருக்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி, 1968-ல் என் அப்பா வாங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ். மூக்கு நீண்ட வண்டி. கிரில் மேல் மூன்று முனை நட்சத்திரம், நம்பர் பிளேட்டில் மதராஸ் மாநிலத்து ‘எம்’ எழுத்து. 1954-ல் ஜெர்மன் கம்பெனியோடு டாடா போட்ட ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. அப்புறம் வந்த வண்டிகளில் நட்சத்திரம் போய் ‘டி’ வந்துவிட்டது. அந்தக் காலத்தில் வாலாஜாவில் லாரி வாங்குகிறவர்கள் இரண்டு கட்சி. எண்ணூர் லேலண்டு காமெட் ஒரு கட்சி, ஜாம்ஷெட்பூர் பென்ஸ் ஒரு கட்சி. பெரியப்பா காமெட், அப்பா பென்ஸ். பொங்கலுக்குக் குடும்பம் கூடினால் கரும்பைக் கடித்துக்கொண்டே இந்த வழக்குதான் ஓடும்.

வண்டிக் கதவில் இன்றைக்கும் ‘வாலாஜாபேட்டை, வ.ஆ. மாவட்டம்’ என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது, 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்து நாங்கள் ராணிப்பேட்டை மாவட்டம் ஆனோம். கதவை யாரும் மாற்றி எழுதவில்லை. நான் எழுத விடவும் இல்லை.

இந்த வண்டி சுமந்தது முக்கால்வாசி தோல். சென்னை பெரியமேட்டிலிருந்து உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று இறக்குவோம். பதனிட்ட தோலை ஏற்றிக்கொண்டு திரும்ப மதராஸ். தோல் லோடு கிடைக்காத நாளில் பாலாற்று மணல். பச்சைத் தோல் ஏற்றிய வண்டியின் பின்னால் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டே வரும். அந்தச் சொட்டு விழுகிற இடம் சேஸ், அதாவது மொத்த வண்டியையும் தாங்குகிற இரும்பு அடிச்சட்டம். லோடு இறக்கிய கையோடு அப்பா வண்டியைப் பாலாற்றில் இறக்கிக் கழுவச் சொல்வார். நாற்றம் போவதற்காக என்று சின்ன வயதில் நினைத்தேன். ஆற்றில் தண்ணீர் இருந்தவரைக்கும் அது நடந்தது. தண்ணீர் நின்றுபோன வருடங்களில் கழுவுவதும் நின்றது.

2003-ல் வண்டியை நிறுத்திவிட்டோம். வரி பாக்கி எதுவும் இல்லை, ஆர்.சி. புக் பத்திரமாக இருக்கிறது. போன ஐப்பசி மழையில் கொட்டகைச் சுவர் சாய்ந்து, வண்டியை வெளியே எடுக்கக் கிரேன் கூப்பிட்டோம். கிரேன்காரர் ஒரு பக்கத்துச் சேஸில் மட்டும் சங்கிலி சுற்றித் தூக்கினார். இரண்டடி மேலே போனதும் ‘டணார்’ என்று ஒரு சத்தம். இறக்கிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். சேஸில் நீளவாக்கில் ஓடும் இடது பக்க இரும்பு (லாங் மெம்பர் என்போம்), பின் கமான் பட்டையின், அதாவது பின் ஸ்பிரிங்கின், முன் பிராக்கெட்டுக்கு ஒரு சாண் முன்னால், கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி வாய் பிளந்திருந்தது. டேப் வைத்து அளந்தேன், மூன்றே முக்கால் அங்குலம்.

முதலில் கிரேன்காரர் மேல் கோபம் வந்தது உண்மை. மேல்விஷாரத்தில் சேஸ் வேலைக்கென்றே பெயர் வாங்கிய பாய் ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, இன்னிக்கு ஒடஞ்சது இல்ல இது. எப்பவோ ஆரம்பிச்சிடுச்சி” என்றார். விரிசலின் வாயைக் காட்டினார். கீழ் விளிம்பிலிருந்து மூன்று அங்குலத்துக்கு உடைந்த முகம் கறுத்து, வழவழப்பாக, பழைய துருவோடு இருந்தது. அதற்கு மேல் முக்கால் அங்குலம் மட்டும் சர்க்கரை உடைத்தது மாதிரி மணிமணியாக வெள்ளையாக மின்னியது. மின்னுகிற பகுதிதான் கிரேன் செய்தது. கறுத்த பகுதி பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போன விரிசல். லோடு ஏறும்போது இரண்டு அச்சுக்கும் நடுவில் சேஸின் கீழ் விளிம்பு இழுபடும். அந்த விளிம்பில், பாடி கட்டியபோதோ அதற்கப்புறமோ டூல்ஸ் பெட்டி தொங்கவிட யாரோ ஓர் ஓட்டை போட்டிருக்கிறார்கள். விரிசல் கிளம்பியது அந்த ஓட்டையின் ஓரத்திலிருந்துதான். அரை அங்குல ஓட்டை. கிரேன்காரரிடம் நான் பேசிய பேச்சுக்கு அப்புறம் போன் செய்து வருத்தம் சொன்னேன்.

சரி, இப்போது என்ன செய்வது? வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. என் மகன் ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனியில் வேலை. “சேஸை மாத்திடலாம்பா, பழைய வண்டி உடைக்கிற இடத்துல இதே அளவுல கிடைக்கும், கேபினையும் இன்ஜினையும் தூக்கி வெச்சா முடிஞ்சது” என்றான். நல்ல எண்ணத்தில் சொன்னான். சேலம் பக்கம் ஓர் இடத்தில் விசாரித்தும் வைத்திருந்தான். மருமகப்பிள்ளை, எடைக்குப் போட்டுவிட்டு நட்சத்திரத்தை மட்டும் கழற்றிச் சுவரில் மாட்டலாம் என்றார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சேஸை மாற்றினால் அது எங்கள் லாரியா? இன்ஜின் ஒருமுறை மாற்றியாயிற்று, கியர் பாக்ஸ் இரண்டு முறை. பாடிப் பலகை எத்தனை முறை என்று கணக்கே இல்லை. மாறாமல் இருப்பது சேஸ் ஒன்றுதான். அரசாங்கத்தின் கணக்கும் அதுவே. ஆர்.சி. புக்கில் இருக்கும் சேஸ் நம்பர் அந்த இரும்பில்தான் அடித்திருக்கிறது. வேறு சேஸ் போட்டால் அதில் வேறு ஒரு வண்டியின் நம்பர் இருக்கும். அதை ராவிவிட்டு நம் நம்பரை அடித்துத் தருகிறேன் என்று சொன்னவரும் உண்டு. அது திருட்டு வண்டிக்குச் செய்கிற வேலை. அப்பா பெயரில் இருந்த வண்டிக்கு அதைச் செய்ய என் கை வராது.

அதற்காக, உடைந்ததையெல்லாம் ஒட்டவைத்தே தீர வேண்டும் என்கிற பிடிவாதம் எனக்கு இல்லை. காரணம் என் அனுபவத்திலேயே இருக்கிறது. 1996-ல் என் இன்னொரு வண்டிக்குச் சேஸில் விரிசல் விட்டது. அவசர லோடு. ஒரு பட்டறையில் நேர்க்கோடாக வெல்டிங் வைத்து, மேலே ஒரு சதுரப் பிளேட்டை நான்கு பக்கமும் சுற்றி ஒட்டவைத்துக் கொடுத்தார்கள். பார்க்க நல்ல கனமாக, தைரியமாக இருந்தது. நான்காவது மாதம் பள்ளிகொண்டாவுக்கு இந்தப் பக்கம், ராத்திரி ஒரு மணிக்கு, முழு லோடோடு மறுபடியும் உடைந்தது. பழைய இடத்தில் இல்லை, பிளேட் முடிகிற இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி. பாடி டயர் மேல் உட்கார்ந்துவிட்டது. வண்டியை எப்படி ஓரம் கட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கிளீனர் பையன் அழுதுவிட்டான். கனமான பிளேட்டை நேராக வெட்டி ஒட்டினால், அது முடிகிற கோட்டில் சேஸ் திடீரென்று இளகும், நெளிகிற வேலையெல்லாம் அந்தக் கோட்டிலேயே விழும். பிளேட்டின் முனையைச் சாய்வாகச் சீவ வேண்டும், அந்தப் பிளேட்டை ஒட்டச் சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்கே வெல்டிங் வைக்கவே கூடாது என்பதெல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான் தெரிந்தது.

அதனால் இந்த முறை பாயிடம், “அளந்து பார்த்துட்டு முடிவு பண்ணலாம், மாத்தணும்னு வந்தா மாத்திக்கலாம்” என்று சொன்னேன். பாடியை இறக்கினோம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவே நான்கு நாள் ஆனது. அப்புறம் கொட்டகையின் சிமென்ட் தரையில் வண்டியை மட்டம் பார்த்து ஸ்டாண்டில் நிறுத்தினோம். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்தேன். சேஸின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிற கமான் பட்டை பிராக்கெட் போல்ட்டுகளின் நடுவிலிருந்து குண்டை இறக்கி, அது ஆடி நின்றதும் தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி. இப்படி எட்டுப் புள்ளி. வண்டியைப் பின்னால் தள்ளிவிட்டுப் பார்த்தால், தரையில் எங்கள் லாரியின் எலும்புக்கூடு படுத்திருந்தது. மூலைக்கு மூலை டேப் பிடித்தோம். முன் கட்டத்தில் இரண்டு குறுக்களவுக்கும் வித்தியாசம் இரண்டு மில்லி, நடுக் கட்டத்தில் மூன்று, பின் கட்டத்தில் ஐந்து. கால் அங்குலத்துக்குள் இருந்தால் சேஸ் நேர் என்பது பாயின் கணக்கு. அத்தனை வருடம் மணலும் தோலும் சுமந்த வண்டி இது. பாய் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “உங்கப்பா தாறுமாறா ஓட்டல” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத விரிசல் வேறு எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குப் பாய் வைத்திருக்கும் வழி, மண்ணெண்ணெயும் சாக்பீஸ் தூளும். சந்தேகப்பட்ட இடங்களில் மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டார். துணியால் ஒட்டத் துடைத்தார். அதன் மேல் சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால், வலது பக்கத்தில் ஒரு ரிவெட்டின் தலையருகே வெள்ளைத் தூளில் மயிரிழை மாதிரி ஈரக் கோடு ஒன்று எழும்பியிருந்தது. விரிசலுக்குள் போன எண்ணெய் தூளில் ஊறி வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொள்கிறது. முக்கால் அங்குல நீளம். மற்ற இடமெல்லாம் தூள் வெள்ளையாகவே இருந்தது.

துருதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. பின் அச்சுக்கு மேலே சேஸ் இரட்டைத் தகடு. அந்த இரண்டு தகட்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் இறங்கி, துரு உப்பி, ஒரு முழ நீளத்துக்குத் தகடுகளைப் பிரித்து விட்டிருந்தது. இரும்பு துருவானால் பல மடங்கு பெருக்கும், அந்த வேகத்தில் ரிவெட்டின் தலையே இழுபட்டு நிற்கிறது. உள்தகட்டைக் கழற்றிச் சுரண்டிப் பார்த்தோம். கால் அங்குலம் இருந்த வெளித்தகடு அந்த இடத்தில் ஐந்து மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. உள்தகடு சல்லடை. உள்தகட்டைப் புதிதாகப் போடலாம், வெளித்தகடு தாங்கும் என்பது எங்கள் முடிவு. அதே மெலிவு சேஸ் நீளம் முழுக்க இருந்திருந்தாலோ, குறுக்களவில் ஓர் அங்குலம் போயிருந்தாலோ, நானே மகனுக்குப் போன் போட்டுச் சேலத்துக்குப் போகச் சொல்லியிருப்பேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த லாரி இனிமேல் லோடு ஏற்றாது. மறுபடியும் பத்து டன் ஏற்றி நெடுஞ்சாலையில் விடுவதாக இருந்தால், எதிரே வருகிறவன் உயிரை நினைத்து, நல்ல சேஸாக மாற்றுவதைத் தவிர வேறு பேச்சே பேச மாட்டேன்.

வேலை இப்படிப் போகிறது. விரிசல் முடிகிற நுனியில் ஒரு சின்ன ஓட்டை போட்டாயிற்று, இல்லாவிட்டால் வெல்டிங் சூட்டிலேயே அது மேலே ஓடும். விரிசலை இரண்டு பக்கமும் ‘வி’ மாதிரி குடைந்து, 7018 என்கிற வெல்டிங் ராடை ஈரம் போகச் சூட்டில் வைத்து எடுத்து வெல்டிங், அப்புறம் மேடு தெரியாமல் கிரைண்டிங். டூல்ஸ் பெட்டிக்குப் போட்ட அந்தப் பாழாய்ப்போன ஓட்டையையும் அடைத்தாயிற்று. உள்ளே, முனை சாய்வாகச் சீவிய புது பிளேட் வரும், சேஸின் நடு முகத்தில் மட்டும் போல்ட் போட்டு. எனக்குப் பழையபடி பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டே அடிக்க ஆசை. ஆனால் உலை ஊதி, ரிவெட்டைக் குறட்டில் எடுத்து வைக்க ஒருவர், அந்தப் பக்கம் தாங்கிப் பிடிக்க ஒருவர், அடிக்க ஒருவர் என்று ஒரு செட் ஆள் வேண்டும். பாயின் செட்டில் இப்போது பாய் மட்டும்தான் இருக்கிறார். அதனால் ஓட்டையை ரீமர் போட்டு அளவாக்கி, ஆடாமல் இறுகி உட்காரும் கெட்டிப் போல்ட். இதைப் படித்துவிட்டு இப்போது வரும் புது வண்டிகளில் யாரும் இப்படிச் செய்துவிடாதீர்கள். சில வண்டிகளில் சேஸ் பதம் ஏற்றிய இரும்பு, சூடு பட்டால் பதம் போய்விடும். கம்பெனி என்ன சொல்கிறது என்று கேட்காமல் கை வைக்கக் கூடாது.

இதுவரை எங்களால் முடிந்தது. மேலே முடியாததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கு விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி நம்பர், இருபதாயிரம் ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும். வாடகைக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம் மாதிரி காரியங்களுக்கு எடுக்கலாம். நல்ல விதி, எனக்கு அதுவே போதும். ஆனால் அது இரு சக்கர வண்டிக்கும் ஆள் ஏறும் காருக்கும் மட்டும்தான். சரக்கு வண்டிக்கு இல்லை. ஜமீன்தார் வீட்டுக் காருக்கு இருக்கிற மரியாதை, ராணிப்பேட்டையின் தோலைத் துறைமுகத்துக்குச் சுமந்த லாரிக்கு ஏன் இல்லை? வேலூர்க் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பேரப்பிள்ளைகளோடு போய்வந்தேன். ராஜாக்கள் காலத்துச் சங்கதியை அவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பா தலைமுறை டிரைவர், கிளீனர், லோடுமேன் கை பட்ட ஒரு பொருளும் அங்கே என் கண்ணில் படவில்லை.

நாளைக்கு லாரியையும் சேர்த்துக்கொண்டாலும் இன்னொரு முள் இருக்கிறது. அந்த விதியில், சேஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்த வண்டிக்கு இடமில்லை. விரிசலைச் சரிசெய்வது ‘மாற்றமா’? நான் விசாரிக்கப் போன ஓர் அலுவலகத்தில், சேஸில் வெல்டிங் பட்டாலே மாற்றம்தான் என்றார் ஒருவர். பக்கத்து நாற்காலிக்காரர், அதெல்லாம் ரிப்பேர் கணக்கு என்றார். மூன்றாமவர், எதற்கு சார் இந்தத் தலைவலி, எடைக்குப் போடுங்கள் என்றார். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அமைப்பை மாற்றுவதைத்தான் மாற்றம் என்கிறது. அதே சேஸ், அதே நம்பர், அதே நீளம், அதே இடத்தில் அச்சு. இதில் எந்த அடிப்படை மாறியது? இது தெளிவாக எழுத்தில் இல்லாததால், நேர்மையாகச் சேஸை அளந்து, பழுது பார்த்து, போட்டோவோடு சொல்லப் போகிறவன் மாட்டிக்கொள்கிறான். விரிசல் மேல் பெயின்ட் அடித்து மறைத்துக் கொண்டுபோகிறவன் தப்பித்துக்கொள்கிறான்.

போக்குவரத்துத் துறையிடம் நான் கேட்பது இரண்டுதான். ஐம்பது வருடம் தாண்டிய லாரிகளையும் அந்த விதிக்குள் கொண்டுவர, லோடு ஏற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு, மத்திய அரசுக்குத் தமிழ்நாடு எழுதட்டும். சொந்தச் சேஸை, நம்பர் கெடாமல் பழுது பார்ப்பது மாற்றம் ஆகாது என்று ஒரு சுற்றறிக்கை போடட்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து அளந்து பார்க்கட்டும், தப்பாக இருந்தால் நிராகரிக்கட்டும். எட்டுப் புள்ளியும் என் கொட்டகைத் தரையில் அப்படியே இருக்கின்றன, அழியாமல் மேலே சாக்கு விரித்து வைத்திருக்கிறேன்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை பக்கம் இதே மாதிரி பழைய பென்ஸோ, காமெட்டோ, பெட்ஃபோர்டோ கொட்டகையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள், எடைக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். பாய்க்கு வயதாகிறது. அவரிடம் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள என் தெருவில் ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் வருகிறான், இன்னும் இரண்டு பேர் வந்தாலும் கொட்டகையில் இடம் இருக்கிறது. உள்தகடு வெட்டி வந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் வந்ததும் போல்ட் முடுக்குகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
வாலாஜாபேட்டை.